ஜப்பான் ரெஸ்லிங் ஷோ முடிஞ்சதும் ரசிகர்கள் எதைப் பத்திதான் அவ்ளோ பேசிக்கறாங்க? புதுசா வர்றவங்களுக்கு ஒரு விளக்கம்

வருஷா வருஷம் ஜனவரி 4 அன்னைக்கு டோக்கியோ டோம்ல நியூ ஜப்பான் கம்பெனி அவங்களோட பெரிய ஷோவை நடத்துவாங்க, 1992-ல இருந்து அந்த தேதி மாறவே இல்ல, 2007-ல இருந்து ரெஸில் கிங்டம்னு பேர் வச்சிருக்காங்க. ஷோ முடிஞ்ச அடுத்த நிமிஷம் ரசிகர்கள் கருத்து சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. புதுசா பாக்க வர்றவங்க அதைப் படிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது. ஒருத்தர் உப்பு மேட்ச்ம்பாரு, ஒருத்தர் ஆறு ஸ்டார்ம்பாரு, இன்னொருத்தர் அந்த அடியில நம்ப வைக்கிற சக்தி இல்லம்பாரு, நாலாவதா ஒருத்தர் இந்த வெற்றி பல வருஷம் லேட்டுன்னு வருத்தப்படுவாரு. எல்லாரும் பாத்தது ஒரே மேட்ச்தான்.

நம்மள்ல நிறைய பேருக்கு ரெஸ்லிங்னா சின்ன வயசுல டிவில பாத்த அமெரிக்க ரெஸ்லிங்தான், அப்புறம் அந்த சீட்டு விளையாட்டு, அண்டர்டேக்கர் கார்டு கையில இருந்தா அன்னைக்கு ராஜா. கொஞ்சம் பெரியவங்க ஆனதும் "அட எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுடா"ன்னு யாராவது சொல்லிடுவாங்க, அதோட நிறைய பேர் விட்டுடுவாங்க. ஜப்பான் ரசிகர்கள் பேச்சே அந்த இடத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது, அதனால அங்கேருந்தே தொடங்கறேன்.

யார் ஜெயிக்கணும்ங்கறது முன்னாடியே முடிவாயிடும். இது ரசிகர்களுக்கு நல்லாவே தெரியும், அதை மறைச்சு பேசறதும் இல்ல. ஆனா விழுறது நிஜம், அடி நிஜம், வலி நிஜம், 46 நிமிஷம் மூச்சு வாங்க ஓடறதும் நிஜம். கூத்து பாக்கப் போறவங்களுக்கு கடைசில துரியோதனன் சாவான்னு தெரியும்ல, தெரிஞ்சும் விடிய விடிய உக்காந்து பாக்கறாங்க, காலைல வீட்டுக்கு போகும்போது இந்த வருஷம் துரியோதனன் வேஷம் கட்டினவர் எப்படின்னுதான் பேசிட்டு போவாங்க. அதே மாதிரிதான் இதுவும். யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் யாரும் பேசறதில்ல, அந்த வெற்றியை நாங்க நம்பற மாதிரி செஞ்சாங்களா, அதுக்கு இதுதான் சரியான நேரமா, தோத்தவர் தோத்ததுல ஒரு அர்த்தம் இருந்துச்சா, இதைத்தான் பேசறாங்க. இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

சரித்திரத்தை வேகமா சொல்லிடறேன். ஜப்பான்ல புரோ ரெஸ்லிங்கை புரோரெசுன்னு சொல்லுவாங்க. 1950-கள்ல ரிக்கிடோசான்னு ஒருத்தர், கொரியாவுல பொறந்து ஜப்பானுக்கு வந்து சுமோ மல்லரா இருந்தவர், 1954 பிப்ரவரில அமெரிக்காலேருந்து வந்த ஷார்ப் பிரதர்ஸ் கூட மோதினாரு. போர்ல தோத்து கெடந்த நாடு, அப்பதான் டிவி வந்த சமயம், தெருவுல வச்சிருந்த டிவி முன்னாடி ஜனம் குவிஞ்சு நின்னு பாத்துச்சு. அவர் 1963-ல இறந்துட்டாரு. அவரோட சிஷ்யங்க ரெண்டு பேர் 1972-ல தனித்தனியா கம்பெனி தொடங்கினாங்க, அன்டோனியோ இனோக்கி நியூ ஜப்பான், ஜயன்ட் பாபா ஆல் ஜப்பான். இனோக்கி இதை நிஜ சண்டை மாதிரி முரட்டுத்தனமா காட்டணும்னாரு, பாபாவோட பக்கம் பொறுமையா படிப்படியா ஏத்திட்டே போற பெரிய மேட்ச்களா வளந்துச்சு. இப்பவும் ரசிகர்கள் வாதத்துக்குள்ள போனா அடியில இந்த ரெண்டு ருசி இருக்கும்.

சரி, அவங்க பேசற வார்த்தைகளுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

முதல் வார்த்தை ஷொப்பாய். ஜப்பான் மொழில உப்பு கரிக்குதுன்னு அர்த்தம். மேட்ச் சுமாரா இருந்தா, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாம இழுத்துட்டே போனா, ஷொப்பாய்ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க, உப்பு மேட்ச்னும் சொல்லுவாங்க. நாம உப்பு சப்பில்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்றோம், அவங்க உப்புன்னாலே நல்லா இல்லைங்கறாங்க, அப்படியே நேர் எதிர். இது சுமோலேருந்து வந்த வார்த்தை, சுமோ மேடையில உப்பு தூவுவாங்க இல்லையா, பலமில்லாத மல்லர் திரும்பத் திரும்ப மண்ணுல விழுந்து அந்த உப்பையே தின்னுட்டு இருப்பாருன்னு அதுக்கு ஒரு விளக்கம் சொல்லுவாங்க. அதனால ஒரு ஷோவைப் பத்தி உப்புன்னு யாராவது எழுதியிருந்தா அது பாராட்டு இல்லைன்னு தெரிஞ்சுக்கங்க.

ரெண்டாவது செட்டொகுர்யொக்கு, நம்ப வைக்கிற சக்தி. ஒருத்தரோட முடிவான அடி, அதாவது அதை அடிச்சா மேட்ச் முடிஞ்சுடும்னு பேர் எடுத்த அடி, அதுக்கு எவ்ளோ மதிப்பு இருக்குன்னு அளக்கற வார்த்தை இது. கசுச்சிகா ஒகாடான்னு ஒருத்தர் இருக்காரு, அவரோட அடி பேரு ரெயின்மேக்கர், எதிராளி கையைப் பிடிச்சு சுத்தி தன் பக்கம் இழுத்து, நீட்டின கையை கழுத்துல வீசி அடிக்கற லாரியட். பாக்க ரொம்ப சாதாரணமாதான் இருக்கும், காத்துல பல்டி எல்லாம் கிடையாது. ஆனா வருஷக்கணக்கா அந்த அடி வாங்கினவங்க பெரும்பாலும் எழுந்திருக்கல, அதனால அவர் எதிராளி மணிக்கட்டைப் பிடிச்ச உடனேயே மொத்த அரங்கமும் மூச்சைப் பிடிச்சுக்கும். இந்த மதிப்பு சேமிப்பு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா சேர்றது. வாரா வாரம் எல்லாரும் அந்த அடியிலேருந்து எழுந்துட்டே இருந்தா சேமிப்பு கரைஞ்சுடும், அப்பதான் ரசிகர்கள் நம்ப வைக்கிற சக்தி இல்லைன்னு குறை சொல்லுவாங்க.

மூணாவது உக்கே, வாங்கிக்கறதுன்னு அர்த்தம். அடிக்கறவரை விட வாங்கறவரோட திறமையை கவனிக்கற பழக்கம் ஜப்பான் ரசிகர்கள்கிட்ட ரொம்ப அதிகம். எதிராளியோட பலம் முழுசா தெரியற மாதிரி அடி வாங்கணும், ஆனா தன்னோட பலமும் குறைஞ்சு தெரியக்கூடாது, இது பெரிய கலைன்னு அவங்க நினைக்கறாங்க. புதுசா பாக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், ஒரு மேட்ச்ல பத்து நிமிஷம் அடிக்கறவரை பாக்காதீங்க, அடி வாங்கறவர் முகத்தையும் கையையும் மட்டும் பாருங்க. கதை பெரும்பாலும் அங்கதான் ஓடிட்டு இருக்கும்.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம் தெரிஞ்சா போதும். அமெரிக்காவுல ரிங்குக்கு வெளிய போனா 10 எண்ணுவாங்க, நியூ ஜப்பான்ல 20 எண்ணுவாங்க, அதனால வெளிய நடக்கற சண்டையும் 19-ல ஓடி வந்து உள்ள உருள்றதும் ஒரு தனி நாடகம். பெரிய பட்டத்துக்கான மேட்ச்க்கு 60 நிமிஷம் வரம்பு, ஆகஸ்ட் பக்கம் நடக்கற ஜி1 கிளைமாக்ஸ்ங்கற லீக் போட்டில, நான் சொல்லப் போற 2017-ல, 30 நிமிஷம் வரம்பு. நேரம் முடிஞ்சா டிரா. இந்த வரம்பு எப்படி கதைக்குள்ள வருதுன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

ஸ்டார் கணக்கு. அமெரிக்காவுல டேவ் மெல்ட்சர்னு ஒரு பத்திரிகையாளர், ரொம்ப வருஷமா ரெஸ்லிங்குக்குன்னே ஒரு செய்திமடல் நடத்தறாரு, சினிமா விமர்சனம் மாதிரி மேட்ச்க்கு ஸ்டார் போடுவாரு. 5 ஸ்டார்தான் உச்சம்னு எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க. 2017 ஜனவரி 4, ரெஸில் கிங்டம் 11, ஒகாடாவும் கனடாக்காரர் கென்னி ஒமேகாவும் மோதின மேட்ச்க்கு அவர் 6 ஸ்டார் போட்டாரு. அவ்ளோதான், ரெஸ்லிங் பாக்கற உலகமே ரெண்டா பிரிஞ்சுது. 5-க்கு மேல எப்படிங்க போட முடியும், அளவுகோலே உடைஞ்சு போச்சுன்னு ஒரு கூட்டம், இல்லங்க அந்த மேட்ச்தான் அளவுகோலை உடைச்சுதுன்னு இன்னொரு கூட்டம்.

ஆனா ஜப்பான் உள்ளூர் ரசிகருக்கு இந்த ஸ்டார் வேதவாக்கு இல்ல. அவங்களுக்கு டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை 1974-லேருந்து கொடுக்கற வருஷ விருது இருக்கு, அதுல சிறந்த மேட்ச்னு ஒரு பிரிவு உண்டு, 2017-க்கு அது இந்த ஒகாடா ஒமேகா மேட்ச்க்கே போச்சு. வாரப் பத்திரிகை ஒண்ணும் இருக்கு, பேரே வாராந்திர புரோரெசுதான், அது 1995 ஏப்ரல் 2 அன்னைக்கு 13 கம்பெனிகளை ஒரே நாள்ல டோக்கியோ டோம்ல கொண்டு வந்து ஷோ நடத்தற அளவுக்கு செல்வாக்கா இருந்துச்சு. ஒரு பத்திரிகை கூப்பிட்டு அத்தனை போட்டிக் கம்பெனிகளும் ஒரே கூரைக்கு கீழ வந்துச்சுன்னா அங்க கருத்துக்கு எவ்ளோ எடைன்னு பாத்துக்கங்க.

என்னோட பார்வையைக் கேட்டா, ஸ்டாரை எதைப் பாக்கலாம்னு தேட மட்டும் பயன்படுத்துங்க. அது ஒரு மனுஷனோட ரசனை, நல்ல ரசனை, அவ்ளோதான். மேட்ச் உங்களுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு அந்த நம்பர் சொல்லாது.

அந்த ஒகாடா ஒமேகா வரிசையை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா ரசிகர்கள் கருத்தை எப்படிப் புரிஞ்சுக்கணும்ங்கறதுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதல் மேட்ச் 46 நிமிஷம் 45 நொடி. நடுவுல ஒமேகாவை மேல் கயிறு தாண்டி வெளிய இருந்த மேசை மேல தூக்கி வீசுவாரு ஒகாடா, அதைப் பாத்தா இப்பவும் எனக்கு வயிறு கலங்கும். ஒமேகாவோட முடிவான அடி ஒன் விங்ட் ஏஞ்சல், எதிராளியை தோள் மேல உக்கார வச்சு அப்படியே தலைகுப்புற இறக்கறது, அதுலேருந்து யாரும் எழுந்ததில்லைன்னு அப்ப பேரு. அந்த முதல் மேட்ச்ல அதை அடிக்க எத்தனையோ தடவை முயற்சி பண்ணுவாரு, ஒரு தடவை கூட முடியாது. தோத்தாரு. ஆனா ரசிகர்கள் வெளிய போகும்போது ஒரே கேள்வியோட போனாங்க, அது மட்டும் விழுந்திருந்தா?

2017 ஜூன் 11, ஒசாகா. இந்த தடவை அது விழுது. நடுவர் எண்ணறாரு, ஒகாடாவோட கால் கயிறு மேல இருக்கு, எண்ணிக்கை நிக்குது. அடி தோக்கல பாருங்க, கயிறுதான் காப்பாத்துச்சு, அந்த அடியோட மதிப்பு அப்படியே இருக்கு. ரெண்டு பேரும் 60 நிமிஷம் முடியற வரைக்கும் அடிச்சுக்கிட்டு டிரா ஆகுது. ஆகஸ்ட் 12, ஜி1 லீக், 30 நிமிஷ வரம்பு, இப்ப அதே அடியை அடிச்சு ஒமேகா ஜெயிக்கறாரு, ஆனா இதுல பட்டம் இல்ல. கடைசியா 2018 ஜூன் 9, மறுபடி ஒசாகா, மூணுல ரெண்டு தடவை ஜெயிக்கணும், நேர வரம்பே கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல போகுது, ஒகாடா 720 நாளா வச்சிருந்த பட்டத்தை ஒமேகா எடுக்கறாரு. மெல்ட்சர் அதுக்கு 7 ஸ்டார் போட்டாரு.

இதுல ரசிகர்கள் எங்க பிரியறாங்கன்னா, ஒரு பக்கம் இது ஒன்றரை வருஷம் ஓடின ஒரே கதை, ஒவ்வொரு மேட்ச்சும் போன மேட்ச்ல விட்ட கேள்விக்கு பதில் சொல்லுது, இப்படி ஒண்ணு வந்ததே இல்லைங்கறாங்க. இன்னொரு பக்கம் ரொம்ப நீளம், நடுவர் மூணு எண்ணி முடிக்கறதுக்குள்ள ரெண்டே முக்கால்ல எழுந்திருக்கறது ரொம்ப ஜாஸ்தி, முதல் இருபது நிமிஷத்துல ஒண்ணும் முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்போது அதை ஏன் பாக்கணும்ங்கறாங்க. இந்த ரெண்டாவது கருத்தை லேசா தள்ளிட முடியாது, ஏன்னா இந்த வரிசைக்கு அப்புறம் பெரிய மேட்ச்னாலே 40 நிமிஷம் போகணும்ங்கற ஒரு பழக்கம் வந்துச்சு, கதையே இல்லாத மேட்ச்சும் நீளமா போக ஆரம்பிச்சுது. எனக்கு அந்த நாலுல 60 நிமிஷ டிராதான் பிடிக்கும். அதுல ஒரு இடத்துல ஒமேகாவோட கூட்டாளி கோடி ரோட்ஸ் துண்டை வீசி மேட்ச்சை நிறுத்தப் பாப்பாரு, மத்த நண்பர்கள் தடுப்பாங்க, ஜெயிக்கறதை விட ஒரு ஆள் உயிரோட திரும்பறது முக்கியம்ங்கற மாதிரி ஒரு பயம் அந்த நேரத்துல வரும், அது 7 ஸ்டார் மேட்ச்ல எனக்கு வரல.

உயிரோட திரும்பறதுன்னு சொன்னேன்ல, அதைப் பத்தியும் பேசணும். 2017 ஏப்ரல் 9 அன்னைக்கு கட்சுயோரி ஷிபாட்டா ஒகாடாவோட மோதினாரு. அருமையான மேட்ச். அதுல ஷிபாட்டா தன் தலையால ஒகாடா தலைல முட்டினாரு, கையை நடுவுல வைக்கல, நிஜமாவே மண்டையும் மண்டையும் மோதற சத்தம் அரங்கம் முழுக்க கேட்டுச்சு, நெத்திலேருந்து ரத்தம் மெதுவா இறங்குச்சு. மேட்ச் முடிஞ்சு உள்ள போனதும் விழுந்துட்டாரு. மூளைக்குப் பக்கத்துல ரத்தக்கசிவு, அவசரமா ஆபரேஷன். அப்புறம் நியூ ஜப்பான் ரிங்ல அவர் முழு மேட்ச் ஆட 2022 ஜனவரி 4 வரைக்கும் ஆச்சு. அன்னைக்கு அந்த முட்டலுக்கு கைதட்டின ரசிகர்கள்தான் மறுநாள் செய்தி கேட்டு நொறுங்கிப் போனாங்க. அதுக்கு முன்னாடியே 2009 ஜூன் 13, ஹிரோஷிமால, மிட்சுஹாரு மிசாவான்னு ஒரு மாபெரும் வீரர், 1990-கள்ல ஆல் ஜப்பானைத் தாங்கின நாலு தூண்கள்ல முதல் ஆளு, ரிங்லயே நினைவிழந்து விழுந்து அன்னைக்கே ஆஸ்பத்திரில இறந்தாரு, பின்பக்கமா தூக்கிப் போடற ஒரு சாதாரண அடிக்கு அப்புறம். அவரோட உடம்புல பல வருஷமா சேர்ந்த சேதம் அதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க.

அதனால நல்ல ஜப்பான் ரசிகர் ஒருத்தர் தலை கீழா விழற அடியைப் பாத்து முகம் சுளிச்சா அவர் ரசனை இல்லாதவர்னு நினைக்காதீங்க, அவர் மிசாவாவைப் பாத்து வளந்தவரா இருப்பாரு. நானும் அந்தப் பக்கம்தான். ஒருத்தர் கழுத்தைப் பணயம் வச்சாதான் எனக்கு சந்தோஷம் வரும்னா அந்த சந்தோஷம் எனக்கு வேண்டாம்.

இப்ப கூட்டத்தைப் பத்தி. டோக்கியோ டோமுக்கு பக்கத்துலயே கொராக்குவென் ஹால்னு ஒரு இடம், ரெண்டாயிரம் பேர் கிட்ட உக்காரலாம், அவ்ளோதான். விவரம் தெரிஞ்ச ரசிகர்கள் அங்க ஜாஸ்தி வருவாங்கன்னு பேரு. ஆரம்பத்துல ரெண்டு பேர் தரையில பிடிச்சு முறுக்கிட்டு இருக்கும்போது அரங்கம் அமைதியா இருக்கும். அமெரிக்க ஷோ பாத்துப் பழகினவங்க அய்யோ கூட்டத்துக்கு போர் அடிக்குது போலன்னு நினைப்பாங்க. இல்லங்க, கவனிக்கறாங்க. நல்லா ஒரு பிடியிலேருந்து தப்பிச்சா சின்னதா கைதட்டல் வரும், கச்சேரில ஒரு நல்ல சங்கதி விழுந்தா முன் வரிசைல பலேன்னு ஒரு குரல் வருமே அந்த மாதிரி. அப்புறம் கடைசி பத்து நிமிஷம் தரையை காலால உதைச்சு அரங்கமே அதிரும். அறிமுகம் செய்யும்போது கலர் கலரா காகித ரிப்பன் ரிங்குக்குள்ள பறக்கும். சுமோ நடக்கற ரியோகொக்கு அரங்கத்துல 1991-ல முதல் ஜி1-ஐ மசாஹிரோ சோனோ ஜெயிச்சப்ப ஜனங்க உக்கார்ற மெத்தையை எல்லாம் தூக்கி வீசினாங்க, சுமோல பெரிய அதிர்ச்சி நடந்தா வீசற பழக்கம் அது.

அதே அரங்கத்துல 1987 டிசம்பர் 27 வேற கதை. இனோக்கியும் ரிக்கி சோஷுவும் மோதறாங்கன்னு டிக்கெட் வித்தாங்க, அன்னைக்கு நடுவுல ஆளை மாத்தி, டிவி காமெடியன் பீட் டக்கேஷியோட குழு கூட்டிட்டு வந்த பிக் வேன் வேடர்னு புது ஆளை இனோக்கிக்கு எதிரா இறக்கினாங்க. கூட்டம் கொதிச்சுடுச்சு. கைல கெடச்சதை எல்லாம் வீச ஆரம்பிச்சாங்க, சோஷு மேட்ச்சை சுருக்கமா நடத்திக் காட்டினாங்க, அப்புறம் வேடர் மூணு நிமிஷத்துக்குள்ள இனோக்கியைத் தோக்கடிச்சாரு, அதோட கலவரம். அந்த அரங்கம் நியூ ஜப்பானுக்கு கதவை மூடிடுச்சு, 1989 வரைக்கும் திரும்ப நடத்த முடியல. இத்தனைக்கும் வேடர் பின்னாடி ரொம்ப பெரிய ஸ்டார் ஆனவர், ஆள் மேல தப்பே இல்ல. சொன்ன சொல்லை மாத்தினதுதான் தப்பு.

கொரோனா சமயத்துல இதையெல்லாம் தலைகீழா பாத்தோம். 2020 ஜூலைல ஜனங்களை உள்ள விட்டாங்க, ஆனா வாயைத் திறக்கக் கூடாது, கைதட்டல் மட்டும். ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடுச்சு. வீரர்கள் அதே வீரர்கள், அடி அதே அடி, ஆனா மேட்ச் பாதியா இருந்த மாதிரி ஒரு உணர்வு, ரசிகர்களும் அந்தக் காலத்து மேட்ச்களைப் பத்திப் பேசும்போது கைதட்டல் காலம்னு தனியா ஒதுக்கிதான் பேசறாங்க. 2023 ஜனவரி 4 டோம்ல குரலோட ஷோ நடந்துச்சு, வில் ஆஸ்ப்ரேயும் ஒமேகாவும் மோதினாங்க, அந்த சத்தத்தை ஹெட்ஃபோன்ல கேட்டு எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஏன்னா இங்க ரசிகர் கருத்துங்கறது ஷோ முடிஞ்சதும் வர்ற விமர்சனம் மட்டும் கிடையாது, அது மேட்ச்சுக்குள்ளயே வேலை செய்யுது, சில சமயம் கதையையே திருப்பி விட்டுடும். 1990 ஜூன் 8, மிசாவா அதுவரைக்கும் போட்டு ஆடின புலி முகமூடியைக் கழட்டி ஒரு மாசம் கூட ஆகல, ஆல் ஜப்பானோட பெரிய தலை ஜம்போ சுருட்டாவோட மோதினாரு. கூட்டம் மிசாவா மிசாவான்னு கத்தறதைக் கேட்டு பாபா அன்னைக்குதான் முடிவை மாத்தினாருன்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. மிசாவா ஜெயிச்சாரு, அங்கேருந்து ஒரு தலைமுறை ஆரம்பிச்சுது. ஹிரோஷி தனஹாஷி 2006-ல முதல் தடவை பெரிய பட்டம் எடுத்த சமயத்துல பகட்டா இருக்காரு, இனோக்கி வழி இவருக்கு இல்லைன்னு கூட்டம் கூச்சல் போட்டுச்சு, அவர் மாத்திக்காம அதே சிரிப்போட ஊர் ஊரா போனாரு, வருஷங்கள் கழிச்சு அதே கூட்டம் அவர் காத்துல கிட்டார் வாசிக்கறதுக்காக காத்திருந்துச்சு. ஒகாடா 2012 ஜனவரில பணமழை பொழியறவன்னு சொல்லிக்கிட்டு வந்து தனஹாஷிக்கு சவால் விட்டப்பவும் கேலிதான் கெடச்சுது. பிப்ரவரி 12 அன்னைக்கு ஒசாகால அவர் நிஜமாவே ஜெயிச்சதும் அரங்கம் வாயடைச்சுப் போச்சு.

ஆனா ரசிகர் கருத்து ஒரு மனுஷனை எப்படி உடைக்கும், எப்படி திரும்ப கட்டும்னு பாக்கணும்னா தெட்சுயா நைட்டோ கதைதான்.

நைட்டோ சின்ன வயசுலேருந்து நியூ ஜப்பான் ரசிகர், டோக்கியோ டோம்ல கடைசி மேட்ச், அதாவது மெயின் ஈவென்ட் ஆடணும்ங்கறது அவரோட கனவு. 2013 ஆகஸ்ட்ல ஜி1 இறுதில தனஹாஷியை ஜெயிச்சாரு. ஜி1 ஜெயிச்சா ஜனவரி 4-ல பெரிய பட்டத்துக்கான மேட்ச், அதாவது மெயின் ஈவென்ட் கையில வந்த மாதிரி. ஆனா ஜனங்களுக்கு அவர் மேல ஒட்டுதல் வரல. நல்ல பையன் வேஷம், எல்லாரையும் சந்தோஷப்படுத்தப் பாக்கற சிரிப்பு, அது போலியா தெரிஞ்சுது அவங்களுக்கு. அப்ப கம்பெனி ஒரு காரியம் பண்ணுச்சு, எது மெயின் ஈவென்ட்னு ரசிகர்களே ஓட்டு போடுங்கன்னு விட்டுட்டாங்க. ஒரு பக்கம் ஒகாடா நைட்டோ, பெரிய பட்டம். இன்னொரு பக்கம் ஷின்சுகே நகாமுராங்கற வீரரும் தனஹாஷியும், அதுக்கு அடுத்த இன்டர்கான்டினென்டல் பட்டம். ரசிகர்கள் பெரிய வித்தியாசத்துல நகாமுரா தனஹாஷிக்கு ஓட்டு போட்டாங்க. 2014 ஜனவரி 4 அன்னைக்கு நைட்டோ கடைசிக்கு முந்தின மேட்ச்ல இறங்கி தோத்துப் போனாரு. ஒரு மாசம் கழிச்சு ஒசாகால தோமோஹிரோ இஷியோட மேட்ச், இஷி ஜெயிக்கணும்னு கூட்டம், நைட்டோவுக்கு கூச்சல்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு மனுஷன் சின்னப் பையனா இருக்கும்போதுலேருந்து ஆசைப்பட்ட இடத்துக்கு ஒரு அடி தூரத்துல வந்து நிக்கறப்ப, அவர் யாருக்காக ஆடணும்னு நினைச்சாரோ அதே ஜனங்க ஓட்டு போட்டு வேண்டாம்னுட்டாங்க. இதை எந்த எழுத்தாளரும் எழுதி வைக்கல.

2015-ல அவர் மெக்சிகோ போனாரு, அங்க லாஸ் இன்கோபெர்னாப்லெஸ்னு ஒரு கோஷ்டி, யாருக்கும் அடங்காதவங்கன்னு அர்த்தம், அதுல சேந்தாரு. திரும்பி வந்தப்ப ஆளே வேற. மெதுவா நடந்து வர்றாரு, கோட் சூட்டை அவசரமே இல்லாம கழட்டறாரு, யாரு என்ன சொன்னாலும் ட்ரான்கிலோ, பதறாதீங்கங்கற மாதிரி ஒரு வார்த்தை. கூச்சல் போட்டா போட்டுக்கங்கன்னு நிக்கறாரு. கூட்டத்துக்கு அது உண்மையா பட்டுச்சு, ஏன்னா உண்மைதான். 2016 ஏப்ரல் 10 ஒகாடாவை ஜெயிச்சு பெரிய பட்டம் எடுத்தப்ப அவரை விரட்டின ஜனங்களே அவர் பேரை கத்தினாங்க. அதே வருஷம் இன்டர்கான்டினென்டல் பெல்ட் அவர் கைக்கு வந்துச்சு, அதைத் தூக்கிப் போடுவாரு, தரையில இழுத்துட்டு வருவாரு, பெல்ட் நசுங்கியே போச்சு. புதுசா பாக்கறவங்களுக்கு இது வெறும் திமிரா தெரியும். ஆனா 2014-ல அவரோட மெயின் ஈவென்ட்டை பறிச்சது அந்த பெல்ட்தான்னு தெரிஞ்ச ரசிகருக்கு ஒவ்வொரு தடவை அது தரையில விழும்போதும் உள்ள ஏதோ பண்ணும்.

2017-ல மறுபடி ஜி1 ஜெயிச்சாரு, 2018 ஜனவரி 4 நிஜமாவே மெயின் ஈவென்ட், எதிர்ல ஒகாடா, டோம் முழுக்க நைட்டோ பக்கம். தோத்துட்டாரு. அன்னைக்கு ரசிகர்கள் போட்ட சண்டை மாதிரி நான் பாத்ததில்ல. இதுதான் நேரம், இதை விட்டுட்டீங்களேன்னு ஒரு பெரிய கூட்டம், இன்னும் காத்திருந்தா இன்னும் இனிக்கும்னு இன்னொரு கூட்டம். நான் முதல் கூட்டம்தான், இப்பவும். 2020 ஜனவரில ரெஸில் கிங்டம் ரெண்டு நாள் நடந்துச்சு, முதல் நாள் 40,008 பேர், ரெண்டாம் நாள் 30,063 பேர். ரெண்டாம் நாள் நைட்டோ ஒகாடாவை ஜெயிச்சு பெரிய பட்டம், இன்டர்கான்டினென்டல் ரெண்டையும் ஒண்ணா எடுத்தாரு. ஜெயிச்சா கடைசில அவர் கோஷ்டி ஆளுங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லி கோஷ்டி பேரை நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு, கடைசி சொல்லை மொத்த அரங்கமும் சேந்து கத்தும். அதைத் தொடங்கப் போற நேரத்துல கென்டான்னு ஒருத்தர் வந்து அடிச்சுப் போட்டுட்டாரு. அந்தக் கோஷம் நடக்கல. அடுத்து கொரோனா, கத்தவே முடியாத காலம்.

2024 ஜனவரி 4, ரெஸில் கிங்டம் 18. வயசு 41, முட்டி போயிடுச்சு, கண்ணுல தசைப் பிரச்னை, ரெண்டு ரெண்டா தெரியும். பழைய கூட்டாளி சனாடாவை ஜெயிச்சாரு. மேட்ச்சைப் பத்தி ரசிகர்கள் நல்லாவே அடிச்சுக்கிட்டாங்க, மெதுவா இருந்துச்சு, இது 2018-ல நடந்திருக்கணும், உடம்பு விட்டுப் போன ஆளுக்கு இப்ப பட்டம் எதுக்குன்னு. அதெல்லாம் நியாயமான பேச்சுதான், நானே 2018-தான் சரியான நேரம்னு சொன்னவன். அப்பவும் நடுவுல ஒரு கோஷ்டி வந்து அடிச்சாங்க, ஆனா இந்த தடவை நிக்கல. நைட்டோ மைக்கை எடுத்து பேர்களை ஒவ்வொண்ணா சொன்னாரு, கோஷ்டி பேரை இழுத்து இழுத்து சொன்னாரு, கடைசி சொல் "ஹாபோன்", ஸ்பானிஷ்ல ஜப்பான்.

பாக்கறவங்க 2014 மேட்ச்சை முதல்ல பாருங்க, அரங்கத்தோட சத்தத்தை மட்டும் கவனிங்க, அப்புறம் நேரா இதுக்கு வாங்க. ஓட்டு போட்டு அவரை வேண்டாம்னு சொன்ன அதே டோம்ல அதே ஜனம் கத்தின அந்த ஒரு சொல் இருக்கு பாருங்க, அதுக்கு எத்தனை ஸ்டார்னு எனக்கு கேக்கவே தோணல.